நிலவுக் கம்பத்தின் சாவி

சிவசக்தியின் தபால் பையில் மார்ச் மாதத்திலிருந்து ஒரு தாள் மடித்தபடியே கிடந்தது. அது யாருக்கும் வந்த கடிதம் அல்ல, ஒரு விண்ணப்பம். நெல்லிமலைத் தேயிலைத் தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளுக்கு இலக்கம் வேண்டும், லுணுகலையிலிருந்து தபால்காரர் நேராக ஒவ்வொரு வாசலுக்கும் வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வாலிபர் சங்கச் செயலாளர் கிருஷ்ணராஜ் எல்லா வீடுகளிலும் கையெழுத்து வாங்கிவிட்டான். ஒன்றுதான் பாக்கி. இப்போது தோட்டத்தில் தபால் கொடுக்கிறவரும் இது நடக்கக்கூடிய காரியம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று தபாலகத்தில் கேட்டிருந்தார்கள். அந்த ஆள் சிவசக்தி. கையெழுத்துப் போட்டால் அவள் வேலை போய்விடும்.

அந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. மழை நாளில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து வலது முழங்கால் பழுதான பிறகு, மலையிலிருந்து இறக்கி இதைக் கொடுத்தார்கள். பதினோரு வருடம் ஆகிறது. காலையில் பஸ்ஸில் லுணுகலை போவாள். பையை வாங்கி வந்து தோட்ட ஆபீசில் வைப்பாள். பெரிய கிளாக்கர் கடிதங்களைப் பிரிப்பார். லயத்துக் கடிதங்கள் ஒரு மரப்பெட்டிக்குள் போகும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. அவர் எடுத்துக் கொடுக்கும்போதுதான் அவள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ததில்லை. கிளாக்கர் நல்ல மனுசர். சிவசக்தியும் இத்தனை வருடத்தில் ஓர் உறையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை.

ஆனாலும் போன வருடம் லயத்துப் பெண் சுபாஜினிக்கு வந்த தாதியர் பயிற்சி நேர்முகக் கடிதம் எட்டு நாள் பெட்டிக்குள் கிடந்தது. கிளாக்கர் தாயின் காரியத்துக்காக லீவில் போயிருந்தார். சாவியும் அவரோடு போய்விட்டது. சிவசக்தி கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டியது நேர்முகம் முடிந்த மறுநாள். சுபாஜினி திட்டவில்லை. தேதியைப் பார்த்தாள், கடிதத்தை மடித்தாள், "வேற ஏதும் வந்தா கொடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் சிவசக்திக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பதுளையில் ஒரு தையல் கடையின் மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். அங்கே அவள் போகத் தொடங்கியதற்குக் காரணமும் தபால்தான். வட்டத்தின் அழைப்பு, தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பெயருக்குத் தபாலட்டையாக வந்துகொண்டிருந்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் வந்தது. தூக்கிப் போடச் சொன்னார் கிளாக்கர். தபாலட்டையைப் படிப்பது குற்றமாகாது என்று தனக்குள் ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அவள் படித்தாள். வாத்தியாருக்குப் பதிலாகத் தான் போனாள். இரண்டு வருடமாகப் போகிறாள். ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை.

ஒரு மாதக் கூட்டத்தில் பேசியவன் ஸாஹிர். தொலைபேசிக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பது அவன் தொழில். நிலவில் மனிதர்கள் தளம் அமைத்தால் அது எதற்கெல்லாம் பயன்படும் என்பது தலைப்பு. அவன் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதன் அடியில் பள்ளங்களை வரைந்தான்.

"நிலாவோட தென்முனையில இந்த மாதிரிப் பள்ளங்க இருக்கு. அடியில வெயிலே விழாது. அங்கதான் ஐஸ் இருக்கு, அதனால ஆளுங்களுக்கு அங்கதான் வேலை. ஆனா பள்ளத்துக்குள்ள இருந்து பூமி தெரியாது. நிலாவோட முதுகுப் பக்கத்துல இருந்தா சுத்தமா தெரியாது. பூமி தெரியலன்னா பேச முடியாது. அப்ப என்ன செய்யணும்? பேச்சை வாங்கி அனுப்புறதுக்கு மேட்டுல ஒரு கம்பம் நடணும், நம்ம கோபுரம் மாதிரி. விளிம்புல சில மேடுங்க இருக்கு, வருஷத்துல முக்கால்வாசி நாளுக்கு மேல வெயில் கிடைக்கும். மின்சாரத்துக்குக் கவலையில்ல. அந்த மேட்டைப் பிடிக்கிறவன்கிட்டதான் எல்லாரோட பேச்சும் வரும். யாரு வாறான், யாரு போறான்னு அவனுக்குத்தான் முதல்ல தெரியும்."

"பிடிக்கிறதா? நிலா யாருக்கும் சொந்தமில்லன்னு நாடுங்க கையெழுத்துப் போட்டிருக்கே" என்றார் ஒருவர்.

"சொந்தமில்லதான். ஆனா ஒருத்தன் கம்பத்தை நட்டுட்டா, அவன் வேலையைக் கெடுக்காம இன்னொருத்தன் பக்கத்துல போகணுமே."

சிவசக்தி நெல்லிமலையை நினைத்துக்கொண்டாள். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா முற்றத்தில் நின்றால் பன்னிரண்டு லயத்தின் கூரையும் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் விளக்கு மட்டும் தெரியும். கட்டியவன் இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறான். நிலவைப் பற்றி இதுவரை கேட்டதில் இதுதான் அவளுக்கு உடனே விளங்கியது.

"ஒண்ணு நல்லதா இருந்தா போதும்" என்று ஸாஹிர் முடித்தான். "பத்துக் கம்பத்தை அரைகுறையா வைக்கிறதை விட, ஒரே கம்பத்தை நல்லாப் பராமரிக்கலாம். நம்பிக்கையான ஆளுங்க கையில இருந்தா சரி."

"தம்பி" என்றாள் சிவசக்தி. தன் குரல் அந்த அறையில் கேட்டது அவளுக்கே புதிதாக இருந்தது. "அந்தக் கம்பத்துச் சாவி யாருகிட்ட இருக்கும்? அவரு லீவுல போனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸாஹிரும் சிரித்தான்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும் அக்கா."

"கம்ப்யூட்டருக்கும் ஒரு பெரிய கிளாக்கர் இருப்பாருல்ல?"

ஸாஹிரின் சிரிப்பு நின்றது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த மாசம் இதையே நீங்க பத்து நிமிஷம் பேசுங்க" என்றான்.

செய்தி அவளுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட்டது. லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தோடு நின்ற இராக்கம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, நிலாவுக்கும் நீதான் தபால் பை தூக்கப் போறியாமே?"

"ஆமா. உனக்கு ஏதாச்சும் குடுத்து விடணுமா?"

"எம் புருசன அனுப்பு. திருப்பி மட்டும் கொண்டாந்துறாத."

பேச்சை எழுத அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. கம்பம் நல்லவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதினாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நல்லவர்கள் என்றால் யார்? கிளாக்கர். அவரோடு சேர்த்துத் தானும்தான். அப்படியிருந்தும் கடிதம் பிந்தியது. அப்படியானால் பிழை மனுசரில் இல்லை. ஒரே வழியாக எல்லாம் போகும்படி வைத்த ஏற்பாட்டில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததில் அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. அந்த ஏற்பாட்டில் அவளும் ஒரு பூட்டு.

அடுத்த கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை, தபால் பையை மடியில் வைத்தபடியே பேசினாள்.

"நான் கெட்டவ இல்ல. யாரு கடுதாசியையும் பிரிச்சதில்ல. எங்க கிளாக்கரும் அப்படித்தான். ஆனா ஒரு புள்ளையோட படிப்பு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எட்டு நாள் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. நிலாவுலயும் அதுதான் நடக்கும். பள்ளத்துல ஒருத்தனுக்கு மூச்சு முட்டுதுன்னு வச்சிக்கங்க. மேட்டுக் கம்பம் அன்னைக்குப் பழுதுன்னா? இல்ல, கம்பத்துக்காரனுக்கும் இவனுக்கும் ஆகாதுன்னா? அதனால ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரெண்டு வழியாச்சும் வேணும். ஒண்ணு மேட்டுல, ஒண்ணு மேல சுத்துற செட்லைட்ல. ரெண்டும் வேற வேற ஆளுங்க கையில இருக்கணும். வந்த பேச்சை யாரும் வச்சிருக்கக் கூடாது. வந்ததும் தள்ளி விட்டுறணும்."

"ஒரே இடத்துல ரெண்டு மூணு நாடு கம்பம் நட்டா சண்டை வராதா?" என்று ஸாஹிர் கேட்டான்.

"வரும் தம்பி. பீலிக்கரையில தினமும் வருது. ஆனா தண்ணி எல்லாருக்கும் கிடைக்குதே."

இந்தமுறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அது அடங்கியதும் ஸாஹிர் கேட்டான்: "உங்க தோட்டத்துல ரெண்டாவது வழி இருக்காக்கா?"

அவன் குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சிவசக்தி மடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் கீழே தையல் கடைக்காரரிடம் கேட்டு, துணி வெட்டும் மேசையில் தாளை விரித்தாள். இது நடக்கக்கூடிய காரியம் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தியாகம் என்று இதைச் சொன்னால் அவளுக்கே பிடிக்காது. ஊர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு, தன் பைக்குள் வேறொன்றை மடித்து வைத்திருக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் பசறை தாண்டும்வரை முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். மறுபடி சரிவில் கூடையோடு நிற்க அது தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

காரியம் ஆக ஏழு மாதம் பிடித்தது. லயத்துச் சுவர்களில் மஞ்சள் பெயிண்டால் இலக்கம் எழுதினார்கள். லுணுகலைத் தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கினார். மரப்பெட்டியில் கிளாக்கர் இப்போது குடைகளை வைக்கிறார். சிவசக்திக்கு அவரே பேசி, நாற்று மேடையில் தேயிலைக் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை வாங்கிக் கொடுத்தார். உட்கார்ந்து செய்யும் வேலை. தபால் வேலையில் போல ஊர் சுற்ற முடியாது. அதில் அவளுக்குக் குறைதான். வாசகர் வட்டத்துத் தபாலட்டை மட்டும் இப்போது அவள் பெயருக்கே, இலக்கத்தோடு வருகிறது. நிலவு மேட்டில் யார் கம்பம் நடப் போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓடைக்கு அந்தப் பக்கம் லயத்து முனையில் மோட்டார் சைக்கிள் நின்று போனது. கொஞ்ச நேரத்தில் சுபாஜினி வெளியே ஓடி வந்தாள். கையில் பழுப்பு உறை. நாற்று மேடையைப் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"சிவசக்தியக்கா! நேர்முகத்துக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க! இருபத்தோராம் தேதி! இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு!"

சத்தம் ஓடையைக் கடந்து வந்து சேர ஒரு கணம் ஆனது. சிவசக்தி மண் அப்பிய கையை உயர்த்தினாள்.

"கேட்டுச்சு புள்ள! கேட்டுச்சு!"