தயாளன் குடித்ததில்லை

"அண்ணாத்த, நம்ம குவாட்டரு பூட்டாரு" என்று பழைய கண்டக்டர் ஒருவர் போனில் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை. போனை வைத்த பிறகுதான் உடம்பெல்லாம் எரிந்தது. செத்த பிறகும் அந்த மனிதருக்குச் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை.

அவர் பெயர் தயாளன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் பேருந்தில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். என்னைவிடச் சின்னவர். நேரில் வாடா போடாதான். இங்கே 'அவர்' என்றே எழுதுகிறேன், நீங்கள் யாரும் கொடுக்காத மரியாதை அது. அந்த வண்டியில் போய்வந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடுகிற வண்டியில் எல்லோரும்தான் ஆடுவார்கள். அதனால் அவர் தள்ளாடுவது வெகுநாள் யார் கண்ணிலும் படவில்லை. ஒருநாள் திருக்கழுக்குன்றத்தில் வண்டி நின்றிருக்கும்போதே ஒரு அம்மாவின் மேல் சாய்ந்துவிட்டார். "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு!" என்று அந்த அம்மா கத்தினார். தயாளன் சண்டைக்குப் போகவில்லை. என் பக்கம் வந்து, "வண்டி நின்னாலும் எனக்கு ஓடிக்கினேதான் கீது அண்ணாத்த" என்று சிரித்தார். 'குவாட்டர்' என்ற பட்டப்பெயர் அந்த வாரமே வந்துவிட்டது. அவர் குடித்ததெல்லாம் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் பன்னீர் சோடா.

புகார் போனதும் மேனேஜர் ஊதிப் பார்க்கும் கருவியோடு வந்தார். தயாளன் ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. இன்னொரு முறை ஊதச் சொன்னார். அப்போதும் ஒன்றுமில்லை. "மெஷின் ரிப்பேருப்பா. ஆளப் பாத்தாலே தெரில?" என்றார் மேனேஜர். கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, தயாளனின் தோல்பையையும் விசிலையும் வாங்கிக்கொண்டார். இதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நீங்களும் இருந்தீர்கள்.

பிறகு நான்தான் அவரைச் செங்கல்பட்டில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். நடக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலுக்கு மேலே தசைநாரில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. அது உரசும் என்பதால்தான் தயாளன் எல்லாச் செருப்பிலும் பின்வாரை அறுத்துவிடுவார். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுலயே கண்ணுல புரை எடுத்தீங்களா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகும்போதே எடுத்ததுதான். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சோதனை முடிவு வந்ததும் விளக்கினார். மூளைக்கே கொழுப்பு வேண்டுமாம், நரம்புகளின் உறையே அதனால் ஆனதாம். தயாளன் உடம்பில் கொழுப்பைப் பித்தநீராக மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. மாறாமல் தேங்கியது மூளையிலும் குதிகாலிலும் போய்ப் படிகிறது. பிறவியிலேயே வந்த கோளாறு, சின்ன வயதில் கண்ணில் புரை விழுந்ததும் அதனால்தானாம். "சின்ன வயசுல புடிச்சிருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம். இவ்வளவு நாள்ல ஒருத்தர்கூட செருப்பைக் கழட்டச் சொல்லலையா?" என்று அவர் கோபப்பட்டார். தயாளனுக்காகக் கோபப்பட்ட முதல் ஆள் அவர்தான். கூடப்பிறந்தவர்களையும் கூட்டிவரச் சொன்னார். தயாளனுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். போனது போனதுதான். படுக்கையில் விழுந்தார், நெஞ்சில் சளி கட்டி, போய்விட்டார்.

கருமாதிக்குப் போனேன். படையலில் இலை, சோறு, வடை. அவர் பெரியப்பா படத்துக்கு முன்னால் ஒரு குவாட்டர் பாட்டிலை வைத்தார். "அவனுக்குப் புடிச்சதாச்சே" என்றார். நான் அதை எடுத்து வாசலில் ஊற்றினேன். கூட்டம் எழுந்துவிட்டது. தயாளனின் அம்மாவைப் பார்த்து, "நீயாவது சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன். உண்மை தெரிந்தவர் அவர்.

அம்மா என்னைத் தனியாக இழுத்துப்போனார். "சின்னவனுக்குப் பொண்ணு பாத்துகினு கீறோம்பா. குடிச்சி செத்தான்னா எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான். மூளையில கோளாறு, கூடவே பொறந்ததுன்னா எவன் குடுப்பான்?"

டாக்டர் கூட்டிவரச் சொன்ன தம்பி வெங்கடேசன் கற்பூரத் தட்டோடு படையல் முன்னால் வெறுங்காலில் நின்றிருந்தான். குனிந்து பார்த்தேன். குதிகாலுக்கு மேலே புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. "செருப்பு கடிச்சிதுண்ணா" என்றான்.

பின்வார் அறுத்த தயாளனின் செருப்பு ஒரு ஜோடி என் வீட்டில் இருக்கிறது. அவர் சிரிப்பை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவர் படாத கோபத்தைத்தான் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வெங்கடேசனை அந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப் போகிறேன். அவன் அம்மா மண்ணை வாரித் தூற்றட்டும். பெண் கிடைக்காவிட்டால் போகட்டும். பிள்ளை நேராக நடக்கட்டும்.