விளக்கின்மேல் சந்தனம்

ராமேஸ்வரத்தில் பழைய கார்களுக்கு ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் நாகேந்திரனுக்கு, வண்டியைவிட அதை ஓட்டுபவன்மேல்தான் ஆத்திரம் வரும். டாக்ஸிக்கார அருள்முருகன் மூன்றாம் முறையாக வந்து கத்தினான்.

"ஏர்பேக் லைட்டு மறுபடி எரியுது. நீதான் எதையோ கெடுத்துட்ட!"

ஸ்கேனர் பழைய பிழைக் குறியீட்டையே காட்டியது: முன்சீட்டு ஏர்பேக் ஒயர். சீட்டுக்கடியில் கைவிட்டு, களிம்பேறிய கனெக்டரை இழுத்துக் காட்டினான் நாகேந்திரன்.

"ஏலே, இருபத்திரண்டு தீர்த்தமும் குளிச்சவுகள ஈரத்துணியோட இங்கன உக்கார வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது? இந்த லைட்டு எரிஞ்சா வண்டி மோதுறப்ப பை விரியாதுடா."

ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த மீட்டரைப் பார்த்தான். விளக்கு இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"சவாரிக்கு வாரவுக பயப்படுறாக. அதான் பொட்டு வச்சு மறைச்சேன்."

நாகேந்திரன் கட்டைவிரலால் அதை வழித்தெறிந்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பொணத்துக்கும்தான்டா பொட்டு வைக்கிறாக."