உயிரற்ற பிள்ளைக்கு ஒரு பதிவு

பாரிசில் தமிழர் கூடுகிற லா சப்பலில் மொழிபெயர்ப்பு வேலை தொடங்கிய காலத்தில், ‘ஆக்த்’ என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கண்டால் யோசிக்காமல் ‘பதிவு’ என்று எழுதிவிடுவேன். பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, இறப்புப் பதிவு. வசந்தியோடும் சிவாவோடும் நகரசபைக்குப் போன பிறகுதான் அந்தச் சொல்லில் நின்று யோசித்தேன்.

சிவா அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். அவர் மனைவி வசந்திக்கு எட்டாம் மாதத்தில், பிள்ளை இறந்தே பிறந்தது. பெண்பிள்ளை. விரும்பினால் பிள்ளையைப் பதியலாம் என்று மருத்துவமனைத் தாதி சொல்லியிருந்தார். வசந்தி விரும்பினாள்.

நகரசபையில் அலுவலர் தாளை எடுத்ததும் சிவா என்னைத் தடுத்தார்.

“வேண்டாம் அக்கா. இல்லாத பிள்ளையை என்னெண்டு பதியிறது? நகரசபை தந்த குடும்பப் புத்தகத்திலையும் எழுதுவினம். அதைத் திறக்கிற நேரமெல்லாம் இதையெல்லோ பாக்கோணும்.”

“இல்லாத பிள்ளையோ?” என்றாள் வசந்தி. “அப்ப நான் ஆரைச் சுமந்தனான்?”

யார் பக்கமும் பேசுவது என் வேலையல்ல. அந்த ஆக்த்தில் என்ன எழுதுவீர்கள் என்று அலுவலரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

“பிள்ளை உயிரோடை இருந்தது எண்டு எழுதமாட்டினம். பிறந்த நாளையும் இடத்தையும் எழுதுவினம். தாய் வசந்தி, தகப்பன் சிவா எண்டு எழுதுவினம். விரும்பினால் பேரும் வைக்கலாம்.”

“தகப்பன் எண்டோ?” என்று சிவா கேட்டார்.

“ஓம்.”

சிவா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, என்னைக் கேளாமலே, தன் அரைகுறைப் பிரெஞ்சில் ஒரு பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நிலானி. வசந்தி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் பெயர் யோசித்து வைத்திருந்தது அவளுக்கே தெரியாது.

வெளியே வந்ததும் சிவா சுவரோடு சாய்ந்து அழுதார். பிள்ளை போனதற்கு அவர் அழுததை அன்றுதான் முதன்முறை பார்ப்பதாக வசந்தி சொன்னாள். அவர் முதுகைத் தடவியபடியே, “இனி எத்தினை பிள்ளையள் எண்டு ஆரும் கேட்டா, ஒண்டு எண்டு சொல்லுவன்” என்றாள்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ‘பதிவு’ என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். எது எழுதப்படும், எது எழுதப்படாது என்பதையும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அதில்தான் எல்லாம் இருக்கிறது.