பின்வரிசையில் உட்கார்ந்த தலைமையாசிரியர்கள்

தலைமையாசிரியர்களுக்குப் பாடம் கவனிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள், அதற்கு என் வகுப்புதான் கிடைத்தது என்று கேள்விப்பட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் தலைமையாசிரியர்கள் எல்லாம் என் வகுப்பில் பின்வரிசையில் உட்காருவார்கள். பாடம் முடிந்ததும் அவர்கள் எனக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும். அதைப் பழக்கிவிடச் செங்கல்பட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார்.

எங்கள் தலைமையாசிரியருக்கும் எனக்கும் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஆகாது. என் மூன்றாம் வகுப்பை "மக்குப் பட்டாளம்" என்பார். பாதிப் பேர் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். போன வருஷமே தேறாதவர்கள். இந்த வருஷமும் கழித்தல் வராவிட்டால் மாடு மேய்க்க அனுப்பிவிடுவோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் தொண்டை வறளக் கத்திப் பார்த்துவிட்டேன். ஏன் ஏறவில்லை என்று யாராவது சொன்னால் தேவலை என்றுதான் உள்ளுக்குள் இருந்தது.

அன்று காலை வகுப்புக்குள் போனால் உட்கார்ந்திருந்தது ஐந்தாம் வகுப்பு. என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பியிருந்தார் அந்த மனிதர்.

"இன்னா டீச்சர் மொறைக்கிற? பத்து ஊரு வாத்தியாருங்க வந்துக்கினு கீறாங்க. மானத்த வாங்காம நடத்து," என்றார்.

மூன்றாம் வகுப்புக் கழித்தலையே நடத்தினேன். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் சுவரில் மாட்டியிருந்த படங்களை வேடிக்கை பார்த்தார். முடிந்ததும் அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். குரல் கணீரென்று இருக்கிறதாம். புடவை அடக்கமாக இருக்கிறதாம். புடவைக்கும் கழித்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

"நல்லா இருக்கு, இல்லைங்கிறதெல்லாம் வேண்டாம். என்ன பார்த்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க," என்றார் அதிகாரி. ஒருவர் மறுபடியும் என் கையெழுத்திலிருந்தே ஆரம்பித்தார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "இது என் வகுப்பே இல்ல சார். என் பசங்க தோட்டத்துல தண்ணி ஊத்திக்கினு கீதுங்க," என்றேன். மூன்றாம் வகுப்புப் பலகையில் அந்தப் பையன்கள் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்ததுகூட அத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அதிகாரி என் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னார். ஈரக் காலோடு வந்து உட்கார்ந்தார்கள். மறுபடியும் அதே கழித்தல். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை, கணக்கையெல்லாம் நானே போட்டு முடித்தேன். "பசங்க அப்டி, டீச்சர் இன்னா பண்ணுவாங்க பாவம்," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். அந்தப் பரிதாபத்தை நான் கேட்டேனா?

அதிகாரி எங்கள் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. என்னை வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறார் என்று அவர் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"டீச்சர் கேள்வி கேக்கறாங்க. பசங்க யோசிக்கறதுக்குள்ள அவங்களே பதில..."

"அப்படி இல்ல சார்," என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அவர் முடிக்கட்டும்மா," என்றார் அதிகாரி.

"பதில அவங்களே சொல்லிட்றாங்க. எப்படியும் இவங்களே சொல்லிடுவாங்கன்னு அதுங்களுக்குத் தெரியும். அதான் கம்முனு குந்திக்கினு கீதுங்க."

"இதுதான் பார்க்கிறது," என்றார் அதிகாரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளை ஒளித்துவைத்தவன் வாயிலிருந்தா அது வர வேண்டும்? பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் நாற்பத்திரண்டில் இருபத்தைந்து போனால் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிக் கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதில் தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கரும்பலகைக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தார்கள். போன வருஷமும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "பதினேழு டீச்சர்," என்றாள். அந்த வருஷம் அவள் மாட்டுக்குப் பின்னால் போகவில்லை, நாலாம் வகுப்புக்குப் போனாள்.

அவள் பதில் சொன்னபோது தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த கணக்கை எழுதினேன்.