ஊசி போட்டதும் மூக்கு வந்தது

என் கணவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டைதான்: தோல் வாடை உண்டா, இல்லையா. சென்னையிலிருந்து வரும் என் தங்கை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கைக்குட்டையைத் தேடுவாள். இவரோ மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா வாடை? ஒண்ணும் வரலியே” என்பார். அவருடைய சட்டைகளைத் தனி வாளியில் ஊறவைக்கும் என் எதிரிலேயே இதைச் சொல்வார். நான் நர்ஸ். என் பொறுமையெல்லாம் வார்டிலேயே செலவாகிவிடும், வீட்டுக்கு மிச்சம் வராது.

போன வருஷம் அவருக்கு முட்டிவலி முற்றிவிட்டது. ஈரத் தரையில் நாள் முழுக்க நிற்கும் வேலை. கால் இப்படியே இருந்தால் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டுமானால் முதலில் எடை குறைய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரையும் இருந்ததால் பசியையும் எடையையும் குறைக்க, வாரம் ஒரு முறை போடும் ஊசியை வேலூர் டாக்டரம்மா எழுதினார். அதற்கு முன் குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய், கணையத்தில் கோளாறு உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்.

“எல்லாரும் நல்லா சாப்ட்டு, நல்லபடியா போய்ச் சேந்தாங்க மேடம்” என்றார் இவர்.

குறைந்த அளவில் ஆரம்பித்து, தன்னிடம் காட்டிய பிறகுதான் அளவை ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். வாந்தி நிற்காவிட்டாலும், வயிற்றுவலி முதுகு வரை போனாலும் காத்திருக்காமல் வரச் சொன்னார். இவர் பலமாகத் தலையாட்டினார். அவ்வளவு பலமாக ஆட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பேனா வடிவில் வரும் அந்த ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் ஜில்லென்று இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று ஃப்ரீசருக்குக் கொண்டுபோனவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். உறைந்துபோனால் குப்பையில்தான் போட வேண்டும் என்றதும் விட்டார். ஊசி நாளன்று பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி நிற்பார். ஆட்டுத்தோலை மலைமலையாகப் பார்த்த மனிதர், தன் தோலில் ஒரு சின்ன ஊசி என்றால் அப்படி நடுங்குவார். பிறகு தானே போட்டுக்கொள்ளப் பழகினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே சட்டையைக் கழற்றி, இரண்டு விரலால் தூரப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, இன்னா இது, இந்த நாத்தம் நாறுது?” என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்பாடா, உங்களுக்கு மூக்கு வந்துடுச்சா? தெருவுக்கே ஸ்வீட் குடுக்கணும்ங்க” என்றேன். தங்கைக்கும் போன் செய்து சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பிரியாணி வைத்தேன். வாடை தாங்கவில்லை என்று தட்டைத் தள்ளினார். எழுந்தபோது சுவரைப் பிடித்தார். உதடு வறண்டு வெடித்திருந்தது. என் சிரிப்பு நின்றுபோனது.

“உண்மைய சொல்லுங்க. இன்னா பண்ணீங்க?”

“சிஸ்டர்…” என்றார். குற்றம் செய்த நாளில் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். பேனாவை அடுத்த அளவுக்குத் தானே திருகிப் போட்டிருக்கிறார். வாந்தி சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்க பாத்ரூம் குழாயையும் திறந்துவிட்டிருக்கிறார். “சீக்கிரம் எளைச்சா சீக்கிரம் ஆபரேஷன். அதான்.”

“பதனிடற டிரம்முல இருக்கற தோலை நேரத்துக்கு முன்னாடி எடுத்தா இன்னா ஆவும்?”

“உள்ள பச்சையாவே நிக்கும்.”

“அது தெரியுது. இது தெரியலியா?” என்று கத்தினேன். பயத்தில்தான் கத்தினேன்.

வேலூருக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். கணையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாள் ஊசியை நிறுத்தி, மறுபடி குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார் டாக்டரம்மா. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், வயிறு நிறைந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும், தண்ணீரை மறக்கக் கூடாது என்றார்.

டாக்டரம்மா போன பிறகு, கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருந்த இவர் மெதுவாகக் கேட்டார்: “இத்தினி வருஷமா இந்த நாத்தத்தோடவா என் பக்கத்துல படுத்த? ஒரு நாள் கூட நீ தள்ளிப் படுத்ததில்லியே.”

கிண்டலாகச் சொல்ல ஆயிரம் இருந்தது. அதையெல்லாம் விட்டு, குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்தேன்.

“அந்த வாடை வந்தாதான் நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்” என்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது ஊசியை நான்தான் போடுகிறேன். எடை மெல்லத்தான் இறங்குகிறது, ஆனால் இறங்குகிறது. ஆபரேஷனுக்கு நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். குமட்டல் போனது. அதோடு மூக்கும் போய்விட்டதாம்.

போன வாரம் தங்கை வந்து, வழக்கம்போல் கைக்குட்டையை எடுத்தாள். இவர் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா வாடை? ஒண்ணும் வரலியே” என்றார்.

சண்டைக்குத் தயாராகப் பின்கட்டுக்குப் போனேன். அவருடைய சட்டை ஏற்கெனவே வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. நான் ஊறவைக்கவில்லை.