கோழிக்கு எதற்கு கிரனோலா?

என் தம்பி பெண்டாட்டி ஹெஸ்டர் வளர்த்த கோழிகள் அந்த மார்ச் மாதம் என்னைவிட நன்றாகச் சாப்பிட்டன. சத்தியமாகச் சொல்கிறேன். முட்டை வாங்கப் போனவள் பார்க்கிறேன், சேற்றில் வறுத்த ஓட்ஸும் பாதாமும் பூசணி விதையும் இறைந்து கிடக்கின்றன. கோழிகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு கொத்துகின்றன. பாதாம் விற்கிற விலைக்குக் கோழிக்குப் பாதாமா! வயிறு எரிந்தது. ஏன் என்று தெரியாததால் மண்டையும் குடைந்தது.

அது ஹெஸ்டரின் கிரனோலா என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் யாரும் அப்படி வறுப்பதில்லை. காலையில் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவாள். வெர்மான்ட் மலைச் சாலை மார்ச்சில் சாலையா? பனி உருகி வெறும் கூழ். அந்தக் கூழிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றியதும் அடுப்பைப் பற்றவைப்பாள். தட்டில் பரப்பிய ஓட்ஸ் ஓரத்தில்தான் முதலில் சிவக்கும், அதனால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிளற வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். ஒருமுறை பாதித் தட்டுக்கு மட்டும் உப்புப் போட்டு, எந்தப் பாதி முதலில் காலியாகிறது என்று ஒளிந்து நின்று பார்த்தாள். வாயைத் திறந்தால் "ஏன்?" அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போனதே அதனால்தான்.

கிரனோலாவை அழுத்திக் கட்டிகளாக வெட்ட ஆரம்பித்தது என் தம்பி வெண்டெலுக்காக. நாங்கள் டட்டன் குடும்பம், மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர்கள். மேப்பிள் மரத்துச் சாறு கொட்டகையில் கொப்பரையில் கொதிக்கும்போது அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. கண் அசந்தால் பாகு தீய்ந்து கொப்பரையும் போச்சு. ஒரு கையில் கரண்டி, மறு கையில் சாப்பாடு. உதிராத, சிந்தாத சாப்பாடு. ஹெஸ்டரின் கட்டி கெட்டியாக நிற்கும், கடித்தால் மெத்தென்று இருக்கும். அவர்களுடைய இரண்டு பெண்களும் கடையில் வாங்கியதைத் தொடவே மாட்டார்கள்.

டட்டன் வீட்டில் பாகைத் தவிர வேறு இனிப்பு நுழையாது. காபிக்குப் பாகு, அவரைக்குப் பாகு, பன்றித் தொடைக்குப் பாகு. ஹெஸ்டரின் அப்பா லைமன் ஏரிக்கரைச் சமவெளியில் தேனீ வளர்ப்பவர். மகள் கல்யாணத்துக்கு ஒரு பெட்டி நிறையத் தேன் பாட்டில் கொண்டுவந்தார். வெண்டெல் எல்லார் முன்னாலும் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "எங்க வீட்டுக்கு எதுக்குங்க இந்தப் பூச்சி எச்சில்?" என்றான். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். லைமன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. ஹெஸ்டர்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்போது கோழிக்கு வருகிறேன். நேரே சமையலறைக்குள் போனேன். மேசை மேல் இரண்டு தட்டு நிறைய உதிர்ந்துபோன கிரனோலா. ஹெஸ்டர் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது? கோழிக்குக் கல்யாணமா?"

"உன் தம்பி டவுன் மீட்டிங்ல பேசினத நீ கேட்டேல்ல?"

கேட்காமல் என்ன? வருடத்துக்கு ஒருமுறை ஊரே கூடி, சாலைக்கு ஜல்லி வாங்கலாமா என்று கைதூக்கித் தீர்மானிக்கிற கூட்டம். மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மலை ராய்ஸ் பிக்ஃபோர்ட், வெறும் பாகை ஊற்றினால் கிரனோலா கட்டி நிற்காது என்று சொல்லிவிட்டான். உடனே வெண்டெல் எழுந்து நின்றான். "எங்க வீட்டுல நிக்குது! ஒரு சொட்டு வேற இனிப்பு கிடையாது. சனிக்கிழமை ஊருக்கெல்லாம் பாகுக் கொட்டகைய திறந்து விடற அன்னிக்கு வா, இழுத்துப் பாரு. ஒடைஞ்சா இந்தத் தாடிய எடுத்துடறேன்!" ஊரே கைதட்டியது. அந்தக் கூட்டத்தில் சொன்ன வார்த்தையை எங்கள் ஊரில் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் மறக்க மாட்டார்கள்.

"பேசினான். அதுக்கென்ன? உன் கட்டிதான் கல்லு மாதிரி நிக்குமே."

ஹெஸ்டர் எழுந்துபோய், துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் கையை விட்டாள். வெண்டெல் ஜென்மத்தில் எட்டிப் பார்க்காத இடம் அது. சோப்புத்தூள் டப்பாவுக்கு மறைவிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். தேன்!

"அடிப்பாவி!"

"கத்தாத லூ."

"டட்டன் வீட்டுலயா? எத்தனை நாளா?"

"வந்ததுலேருந்து. எங்கப்பா கொடுக்கறது. வாசனைக்குப் பாகும் கொஞ்சம் ஊத்துவேன், ஆனா புடிச்சு நிறுத்தறது தேன்தான். நீயும் தின்னிருக்க, ரெண்டு ரெண்டா."

ஊரார் முன்னால் என் தம்பி பொய்யனாக நிற்கப் போகிறான். அந்தப் பொய் அவனுக்கே தெரியாது!

"தேன்லயே பண்ணி வெச்சுடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவன் எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ற மாதிரி சொல்லிட்டான். நான் எப்படி வாய மூடிட்டு நிப்பேன்?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "பாகுலயே நிக்க வெக்கணும், இல்ல உண்மைய சொல்லணும். ஏன் நிக்க மாட்டேங்குது லூ? தேனும் ஒட்டுது, பாகும் ஒட்டுது. ஏன்?"

அடுத்த நாள்களில் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். வெண்ணெயைக் கூட்டினாள், ஓட்ஸைப் பொடித்தாள், தட்டின் மேல் இரும்புச் சட்டியைப் பாரம் வைத்தாள். வெட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. கோழிகள் கொழுத்தன. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அலைந்தேன். என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று ஊரைக் கேட்டால் தெரியும்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஓஸ்ரோ சித்தப்பா கொட்டகைக்கு வந்தார். வந்தால் அவருக்குப் பனிமேல் பாகு வேண்டும். பாகை மறுபடியும் கொதிக்கவைத்துச் சுண்டவிட்டு, தட்டில் அள்ளிய பனியின் மேல் ஊற்றினால் இழுபடுகிற மிட்டாயாகிவிடும். திகட்டாமல் இருக்கக் கூடவே ஒரு புளிப்பு ஊறுகாய். நான்தான் காய்ச்சி ஊற்றினேன். சித்தப்பா ஒரு வாய் போட்டார், மென்று பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். மேல் பல்செட்டும் கீழ் பல்செட்டும் ஒட்டிக்கொண்டன! நானும் வெண்டெலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"சித்தப்பா, இழுங்க. நல்லா இழுங்க. வரலையா?"

"ம்ம்ம்!" என்றார் சித்தப்பா கோபமாக.

"லூ, எந்தப் பதத்துல எறக்கின?"

"தண்ணில விட்டா உருட்ட வர்ற பதம். அதுக்கென்ன இப்போ?"

அதற்குள் அவள் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பாகில் தண்ணீர் இருந்ததுதான் கோளாறு. உருட்டுப் பதம் வரும்வரை கொதிக்கவிட்டு, வறுத்த ஓட்ஸில் சூடாக ஊற்றி அழுத்தினாள். ஆறும்வரை கத்தி வைக்கவிடாமல் என் கையைத் தட்டிவிட்டாள். வெட்டினாள். நின்றது! இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். எத்தனை தலைமுறையாக அந்தப் பாகைப் பனியில் ஊற்றித் தின்கிறோம், ஒரு டட்டனுக்குக்கூட இது தோன்றவில்லை.

சனிக்கிழமை கொட்டகை நிறையக் கூட்டம். ராய்ஸ் ஒரு கட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வளைந்தது, உடையவில்லை. "சரிப்பா, உன் தாடி பொழச்சுது" என்று அதை வாயில் போட்டுக்கொண்டான். வெண்டெலுக்குத் தலை கால் புரியவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கொப்பரைப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நாள் முழுக்கப் பேசித் தீர்த்த வெண்டெல் அப்போதுதான் ஒரு கட்டியை எடுத்துக் கடித்தான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"நல்லாதான் இருக்கு. ஆனா இது உன்னோடது இல்லையே, ஹெஸ்டர்."

"ஏன்?"

"தெரியல. நீ பண்றதுல ஒரு வாசனை இருக்கும், பூ மாதிரி. அது இல்ல. அத எங்க வெச்சிருக்க?"

ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் வீட்டுக்குப் போய் பாட்டிலோடு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"எங்கப்பாவோட தேன், வெண்டெல். கல்யாணத்துலேருந்து நீ தின்னது இதுதான். இன்னிக்குப் பண்ணது மட்டும் வெறும் பாகு."

அவன் முகம் சிவந்தது. போச்சு, இன்றைக்குக் கொட்டகை இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அவன் மூடியைத் திறந்து மோந்தான். விரலைவிட்டு எடுத்து நக்கினான்.

"இதுதான்," என்றான். பாட்டிலை மூடிக் கீழே வைத்தான். "அந்த மனுஷன் முன்னாடி நான் என்ன பேச்சு பேசினேன்!"

ஹெஸ்டர் அழுதுவிட்டாள்.

"எப்பவும் போல கேப்பியே, கேளு," என்றான் அவன். "ஏன் அப்படிப் பேசினேன்னு கேளு."

"நான் கேக்க மாட்டேன். அவரே கேக்கட்டும்."

வெண்டெல் கரண்டியை என் கையில் திணித்தான். "கொப்பரையப் பாத்துக்க லூ, தீஞ்சுடப் போகுது," என்று சொல்லிவிட்டு, லைமனுக்குப் போன் போட வீட்டுக்குள் போனான்.