நடுவில் பஸ் ஸ்டாண்ட் உள்ள வரைபடம்

முதலாளி டெலிபோன் ரிசீவரைத் தலைகீழாக வைத்ததைத்தான் நான் முதலில் கண்டேன். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "ஜெசிந்தா மௌத்தாகிட்டாளாம் புள்ள. இழுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உசிரு போயிட்டாம்," என்றார்.

மாத்தளையில் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு விளையாட வந்த எல்லோருக்கும் ஜெசிந்தா அக்காவைத் தெரியும். அவர் கல்லாவில் இருந்தார். நான் கூட்டித் துடைத்து, போட்டோ கொப்பி எடுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆட்களோடு பேசக் கூச்சம். எனக்கும் சேர்த்து அக்காவே பேசினார்.

கூட்டமில்லாத நேரத்தில் அவர் விளையாடியது ஒரே ஒரு விளையாட்டுத்தான். அதில், கைவிடப்பட்ட ஏவுகணைக் கிடங்கு ஒன்று, ஒரு பங்கர், நிலத்துக்குள் இருக்கும். உலகம் அழியப்போகிறது என்று சொல்லும் சாமியார் கூட்டமொன்று அதைப் பிடித்து, கட்டிலும் பூசை அறையும் போட்டுக் குடியிருக்கும். ஏவுகணை நின்ற குழியைச் சுற்றி ஏழு தட்டு. அவர்களின் தலைவன் ஒலிபெருக்கியில் ஓயாமல் போதிப்பான். "பிரசங்கத்துல இவன் நம்ம பாதர விட இழுக்கிறானே," என்று சொல்லிக்கொண்டே அக்கா சுடுவார். கழுத்தில் செபமாலை ஆடும்.

விளையாட வரும் பையன்கள் வழி கேட்டு நச்சரித்ததால், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கிடங்கை வரைந்தார். தெரியாத இடம் மனதில் நிற்காது என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். நீண்ட நடை, கடைவீதி. பூசை அறை, கோயில் வாசல். ஏவுகணைக் குழி, பஸ் ஸ்டாண்ட். எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அதன் பிறகு ஒருவனுக்கும் வழி தப்பவில்லை.

கடைசித் தட்டு மட்டும் பாக்கி. வீட்டில் யோசித்து வரைவதாகத் தாளைக் கொண்டுபோனார். மறுநாள் காலை இரத்தோட்டை பஸ்ஸில் நானும் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். யுத்த காலம் அது; சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அக்காவின் பையிலிருந்த தாளை விரித்த சிப்பாய், ஏவுகணையையும் பஸ் ஸ்டாண்டையும் ஒன்றாக வாசித்தார். "இது கேம், மாத்தியா," என்று சிங்களத்தில் 'ஐயா' போட்டு அக்கா சிரித்தார். சிப்பாய் என் பக்கம் திரும்பி, நீ சொல், இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும். ஒரே ஒரு சொல் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். முதலாளி கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அதிகாரிக்கு அந்த விளையாட்டைக் காட்டி மீட்டுவந்தார். அக்கா என்னைக் கோபிக்கவில்லை. "அந்த ஆமிப் பெரியவரும் வெளாடிப் பாத்தாரு. மூணாந் தட்டுலயே செத்துட்டாரு புள்ள," என்று மட்டும் சொன்னார். ஆனால் முதலாளி பயத்தில் விளையாட்டையும் அழித்தார், அக்காவையும் நிறுத்தினார். பிறகு வேறெந்தக் கடையும் அவரை எடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. செத்த வீட்டில்கூட, "பங்கர் கேஸ்ல புடிச்ச புள்ளதானே," என்று என் காதுபடச் சொன்னார்கள். அங்கும் நான் வாய் திறக்கவில்லை. கடைக்கு விளையாட வந்து அவரைத் தெரிந்துகொண்ட நீங்களாவது அது விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம்.

அவருடைய ஆறு தட்டும் எனக்கு மனப்பாடம். அடக்கம் முடிந்து வந்ததும் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, நடுவில் வட்டம் போட்டு, பஸ் ஸ்டாண்ட் என்று எழுதினேன். மற்ற இடங்களையும் வரைந்தேன். மேலே அவர் பெயரையும், சிங்களத்தில் 'இது விளையாட்டு' என்பதையும் எழுதினேன். மறுநாள், முதலாளி வருவதற்கு முன், தெருவைப் பார்த்தபடி கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.